ஐஸ்காரனின் அழுகை

அழத் தெரிந்த ஆண்களிடம் எனக்கு ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. அதைக் கெடுத்தவன் அவன்தான். அவனுக்குப் பிறகு, எந்த ஆண் என் எதிரில் கண்கலங்கினாலும் முதலில் நான் சுற்றுமுற்றும் பார்க்கிறேன், யாரெல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று.

எழுபதுகளின் கடைசி அது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா இறந்த பிறகு கிராமத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் கட்டி, மலையைத் தேடி வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டாள். காரம் கம்மியாகப் போட்டு அவர்களுக்குச் சாப்பாடும் ஆக்கிப் போட்டாள். நான் பி.யூ.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். குடியிருக்க வந்தவர்களோடு பேசிப் பேசியே எனக்கு இங்கிலீஷ் வந்தது. அம்மாவுக்கு அது வராது. அந்த வீட்டில் யார் யாரிடம் எது பேசினாலும் என் வாய் வழியாகத்தான் போகவேண்டும். அவன் கதை எனக்கு மனப்பாடம் ஆனது அப்படித்தான்.

அவன் கனடாக்காரன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான். எங்கள் வாசற்படியில் நேராக நுழைய முடியாது. குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, ஒரு தோளை முதலில் உள்ளே விட்டுத்தான் வருவான். முன்பக்கம் மேல்வரிசைப் பல் கிடையாது. கழற்றி மாட்டுகிற பல்செட் வைத்திருந்தான். வந்த முதல் நாளே அதைக் கழற்றி, தண்ணீர் குடிக்கக் கொடுத்த எவர்சில்வர் டம்ளரில் போட்டு வைத்தான். அந்த டம்ளரை அம்மா அதற்கப்புறம் அடுப்படிக்குள் சேர்க்கவே இல்லை.

ஊரில் என்ன வேலை என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டேன். ஐஸ் ஹாக்கி ஆடுவது என்றான். எனக்கு ஹாக்கி தெரியும், ஸ்கூல் கிரவுண்டில் ஆடுவார்கள். ஐஸும் தெரியும், பஸ் ஸ்டாண்டு பக்கம் மரத்தூள் போட்டு மூடி வைத்திருப்பார்கள். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. அவன் பொறுமையாக விளக்கினான். குளிர் காலத்தில் தண்ணீர் கல்லாக உறைந்துவிடும். பூட்ஸுக்கு அடியில் கத்தி மாதிரி ஒரு தகடு இருக்கும், அதை வைத்து வழுக்கிக்கொண்டே ஓடவேண்டும். கையில் தடி. பந்துக்குப் பதில் தட்டையான ரப்பர் வட்டு. ஆடுகிற இடத்தைச் சுற்றி மார்பளவு மரத்தடுப்பு.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "கால்ல கத்தி கட்டிக்கினு ஆடறதா? நம்ம பக்கம் சேவலுக்குத்தான் அப்படிக் கட்டுவாங்க."

மொழிபெயர்த்தேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் மலைப் பக்கம் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான். உன் அம்மா ஒரு ஞானி என்றான்.

"இன்னா சொல்றான்?"

"நீ ஞானியாம்."

"சாப்பிட்டானான்னு கேளு," என்றாள் அம்மா.

எங்களுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஏழுமலை அண்ணா. ஏரிக்கரையிலிருந்து சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு காலையும் சாயங்காலமும் வருவார். சொந்தமாக மாடு வைத்திருந்தார், தானே கறந்து தானே ஊற்றுவார். அவர் இந்தப் பேச்சைப் பாதியில் கேட்டுவிட்டு, "ஐஸ் ஃபேக்டரி வெச்சிருக்காரா தொர?" என்றார். அன்றிலிருந்து சந்து முழுக்க அவனுக்கு ஐஸ்காரன் என்று பெயர். எனக்கு அவன் நிஜப்பெயர் தெரியும். அதை எழுதுகிற அளவுக்கு அவன்மேல் எனக்கு அக்கறை இல்லை.

அவன் சொல்லும் கதை இது. நான் சுருக்கிச் சொல்கிறேன். அவன் ஒரு நாளும் சுருக்கியதில்லை.

அவன் அப்பா உருளைக்கிழங்கு விவசாயி. குளிர் காலத்தில் கொல்லையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி உறைய விடுவாராம். அதில்தான் அவன் ஆடிப் பழகினான். பதினெட்டு வயதில் சம்பளத்துக்கு ஆடுகிற ஒரு பெரிய அணி அவனை எடுத்துக்கொண்டது. கோல் பக்கம் வருகிறவர்களைத் தடுப்பது அவன் வேலை. நம் ஊர் ஹாக்கியில் பேக் என்பார்களே, அது. முதல் வருஷம் பாதி நாள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். கால் வேகம் போதவில்லை. ஒரு நாள் அணியை நடத்துகிறவர் அவனைக் கூப்பிட்டு, வட்டைத் தடுக்க என்னிடம் ஆள் இருக்கிறது, உன்னிடம் இருப்பது தோள், அதற்குத்தான் உன்னை வைத்திருக்கிறேன் என்றார். அன்றிலிருந்து அவன் வட்டைப் பார்ப்பதை விட்டான். ஆளைப் பார்க்க ஆரம்பித்தான். தோளால் மோதித் தள்ளுவது அந்த ஆட்டத்தில் தப்பில்லையாம். முன்னாலிருந்து மோதவேண்டும், முதுகில் மோதக்கூடாது, அவ்வளவுதான். ஜனங்களுக்கு அவனைப் பிடித்துப்போனது. அவன் பெஞ்சிலிருந்து எழுந்தாலே அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். அந்த வருஷம்தான் பல் போனது. பல்லில்லாமல் அவன் சிரிக்கிற போட்டோ பேப்பரில் வந்தது.

மூன்றாவது வருஷம் ஆரம்பத்தில் எதிர் அணியில் ஒரு புதுப் பையன். வட்டைத் துரத்திக்கொண்டு வந்தவன் மரத்தடுப்புப் பக்கம் திரும்பிக் குனிந்தான். முதுகு இவன் பக்கம் இருந்தது. இந்த இடத்தில் அவன் வலது கையை எடுத்து நெஞ்சில் வைப்பான். நிறுத்தியிருக்கலாம், நான் நிறுத்தவில்லை என்பான். குரல் இறங்கும். அந்தப் பையன் எழுந்திருக்கவில்லை. இடுப்புக்குக் கீழே பிறகு அசைவே வரவில்லை. இவனைக் கொஞ்ச காலம் ஆடக்கூடாது என்று விலக்கி வைத்தார்கள். திரும்பி வந்து களத்தில் இறங்கியபோது ஜனங்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கொன்றது என்பான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். அப்படியே எல்லாவற்றையும் உதறிவிட்டு, மலை கூப்பிட்டது என்று வந்துவிட்டானாம்.

முதல் தடவை கேட்டபோது நானும் அழுதேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் இலையில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு வாரா வாரம் புது ஆட்கள் வருவார்கள். ஒவ்வொரு புது ஆளுக்கும் அவன் கதை சொன்னான். அதே இடத்தில் கை நெஞ்சுக்குப் போனது. அதே இடத்தில் குரல் இறங்கியது. யாராவது ஒரு ஜெர்மன்காரியோ பிரெஞ்சுக்காரியோ அவன் தலையை மடியில் சாய்த்துக்கொள்வாள். உன்னை நீ மன்னித்துக்கொள்ளவேண்டும் என்பாள். அவன் குழந்தை மாதிரி தலையாட்டுவான். அதன்பின் நன்றாகச் சாப்பிடுவான்.

கேட்கக் கேட்க எனக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்திய இடம் வரும்போது குரல் ஒரு படி ஏறும். அது அவனுக்கே தெரியாது. அடிபட்ட பையனுக்குக் கதையில் பெயரே இல்லை. ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டே சாதாரணமாகக் கேட்டேன், அந்தப் பையன் பெயர் என்ன என்று. அவன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பெயர் சொல்லாமல், அந்தப் பையனுடைய சட்டை முதுகில் இருந்த நம்பரைச் சொன்னான். இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை என்றான். நான் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன், அவன் தன் தூக்கத்தைப் பற்றிப் பதில் சொன்னான். அதோடு எனக்கு அவன்மேல் இருந்த இரக்கம் போயிற்று.

கிரிவலம் போவதிலும் அவன் அப்படித்தான். ஊரே வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறது. வயற்காட்டு வேலையை முடித்துவிட்டு வந்து சுற்றுகிற பொம்பளைகள் இருக்கிறார்கள், சுற்றி முடித்துவிட்டுப் போய் அடுப்பு மூட்டுவார்கள். இவன் சித்திரை வெயிலில் நடுப்பகலில் கிளம்பிப் போனான். உச்சி வெயிலில் போகாதே என்று அம்மா எவ்வளவோ சொல்லச் சொன்னாள். திரும்பி வந்து முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, உள்ளங்கால் கொப்புளத்தை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினான். நான் வெந்நீரும் மஞ்சளும் கொண்டுபோய் வைத்தேன். இந்த வலி எனக்கு வேண்டும் என்று மருந்தைத் தள்ளினான். ஒரு ஆஸ்திரேலியாக்காரி வந்து கெஞ்சியபோது காலைக் கொடுத்தான்.

ஒரே ஒரு தடவை அவனை வேறு மாதிரி பார்த்திருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும். முற்றத்து சிமெண்டுத் தரையைக் கழுவி விட்டிருந்தேன், சோப்புத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. எல்லோரும் ஆசிரமத்துக்குப் போயிருந்தார்கள். நான் சமையல்கட்டு ஜன்னலில் இருந்தது அவனுக்குத் தெரியாது. கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு வந்து, கையைப் பின்னால் கட்டி, அந்த ஈரத்தில் வழுக்கினான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. திரும்பும்போது ஒரு காலைத் தூக்கி, பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு வந்தான். அவ்வளவு பெரிய உடம்புக்குக் கனமே இல்லாத மாதிரி இருந்தது. முகத்தில் வாளித் தண்ணீர் உறைவதற்காகக் காத்திருந்த சின்னப் பையன் தெரிந்தான். இவனுக்கு இது உண்மையிலேயே பிடித்திருக்கிறது என்று அப்போது தோன்றியது. கையிலிருந்த கரண்டி தட்டுப்பட்டுச் சத்தம் கேட்டது. திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அரிசி மூட்டை விஷயம் அதற்கப்புறம் நடந்தது. அந்த ஆட்டத்தில் எப்படி மோதுவீர்கள் என்று புதிதாக வந்த யாரோ கேட்டார்கள். இல்லை, அதையெல்லாம் விட்டுவிட்டேன் என்று ரொம்ப நேரம் மறுத்தான். அவர்கள் வற்புறுத்துகிற வரைக்கும் மறுத்தான். பிறகு எழுந்தான். கிராமத்துக் குத்தகையில் வந்த அரிசி மூட்டை ஒன்றைச் சுவரோடு நிறுத்தியிருந்தோம். கொஞ்சம் பின்னால் போய், முழங்காலை மடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, தோளைத் தாழ்த்தி வந்து மோதினான். பலம் இடுப்பிலிருந்து வரவேண்டும், தோள் சும்மா கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று முன்னாலேயே பாடம் சொல்லியிருந்தான். மூட்டை தையல் விட்டு, அரிசி முற்றம் முழுக்கக் கொட்டியது.

அவன் அதைப் பார்த்தபடி நின்றான். உதடு துடித்தது. இதுதான் நான், எது என் பக்கத்தில் வந்தாலும் உடைந்துவிடுகிறது என்றான். எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மாவும் நானும் முறத்தை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு அரிசியைப் பொறுக்கினோம். அவர்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து பொறுக்கவேண்டியிருந்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் போய் அழச் சொல்லு," என்றாள் அம்மா. "அரிசிய மிதிக்கறான்."

சாயங்காலப் பால் வரும் நேரமும் அவன் கதை சொல்லும் நேரமும் ஒன்றுதான். ஏழுமலை அண்ணாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் தினமும் பார்த்துப் பார்த்து அவருக்கு எல்லாம் அத்துபடி. பாலை அளந்துகொண்டே, "இப்ப கை நெஞ்சுக்குப் போவும் பாருங்கம்மா," என்பார். போகும். "இப்ப குரலு எறங்கும்." இறங்கும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவர் கேலிக்காரர், ஆனால் கெட்ட மனசு கிடையாது. கதை என்னவென்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நாளில் அவர் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளக்கி யாரு செய்யறாங்க எல்லாம்? பெத்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்.

ஒரு நாள் புதுக் கூட்டம் ஒன்று முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. அவன் கதையில் தடுப்புப் பக்கம் வந்துவிட்டான். ஏழுமலை அண்ணா கேனை வைத்துவிட்டு, அவன் கையை எடுப்பதற்கு ஒரு விநாடி முன்னால் தன் வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்தார். அப்படியே அச்சு அசல். அந்தக் கூட்டத்தில் ஒரு இத்தாலிக்காரி பட்டென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு எல்லோருக்கும் பரவியது. அவனும் சிரித்தான். எழுந்து வந்து ஏழுமலை அண்ணாவின் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தான். ஆனால் அன்றைக்குக் கதை அதோடு நின்றுபோனது. யாரும் மிச்சத்தைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் வாசலில் கோலம் போட்டு முடித்து மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை அண்ணா வந்தார். சைக்கிளை மதில் சுவரில் சாய்த்து, அதன் பக்கமாகத் திரும்பிக் குனிந்து கேன் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவன் வீட்டுக்குள்ளிருந்து வந்தான். பக்கவாட்டில் திரும்பி வாசற்படியைத் தாண்டினான். அவரைப் பார்த்தான். முழங்காலை மடக்கினான், முழங்கையை விலாவோடு ஒட்டினான், தோளைத் தாழ்த்தினான். நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை அண்ணா சுவரில் இருந்தார்.

எலும்பு முறிகிற சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சைக்கிள் விழுந்த சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பால் கோலத்தின்மேல் ஓடியது. ஏழுமலை அண்ணா சுவரடியில் சரிந்து உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

அவன் தெருவில் மண்டி போட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். விம்மினான். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் நேராக அவனிடம் போனார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். வழுக்கிவிட்டது என்றான். இத்தாலிக்காரி மட்டும் சுவரடியைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள். அம்மா வந்து பார்த்தாள். தன் பழைய புடவையைக் கிழித்து ஏழுமலை அண்ணாவின் கையை உடம்போடு சேர்த்துக் கட்டி, ஜட்காவைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

தோள்பட்டை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள்.

ஏழுமலை அண்ணாவின் சம்சாரம் முனியம்மா அக்கா ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். சப்-இன்ஸ்பெக்டர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் பேசுவதைச் சொல்ல என்னையும் வரச் சொன்னார்கள். அம்மாவும் கூட வந்தாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். வாசல் ஈரமாக இருந்தது, கால் வழுக்கியது, அவர்மேல் விழுந்துவிட்டேன் என்றான். என் வாழ்க்கையில் இது இரண்டாவது முறை, என்னால் தாங்க முடியவில்லை என்றான். கையை நெஞ்சில் வைத்தான்.

நான் சொன்னேன்: "கால் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்றாரு சார். நான் அங்கதான் இருந்தேன். வழுக்கல. வேணும்னு மோதினாரு."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீ அவர் பேசறத சொல்ல வந்தியாமா, சாட்சி சொல்ல வந்தியா?"

"ரெண்டுத்துக்கும்தான் சார்."

"பகையா அவங்களுக்குள்ள?"

"இவர் அழுவறத அவரு கேலி பண்ணாரு. அதான்."

"அதுக்கா?" என்றார். அவரால் நம்ப முடியவில்லை. வெளியில் நின்ற வெள்ளைக்காரர்களை ஒருமுறை பார்த்தார். வெள்ளைக்காரன் கேஸ் என்றால் மெட்ராஸ் வரைக்கும் பதில் சொல்லவேண்டும் என்று முணுமுணுத்தார். பிறகு முனியம்மா அக்காவிடம், ஆஸ்பத்திரிச் செலவை வாங்கிக் கொடுக்கிறேன், ஆள் ஊரைவிட்டே போய்விடுவான், கோர்ட்டு கச்சேரின்னு அலைய உன்னால் முடியுமா என்று கேட்டார். மாடு கறக்க அவள் வேறு ஆளைத் தேடவேண்டும், நேரமாகிக்கொண்டிருந்தது.

"ஒருவாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து அவரைப் பாக்கச் சொல்லுங்க," என்றாள் அக்கா. "அது போதும்."

நான் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இப்போது முடியாது, அவரை அந்த நிலையில் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை என்றான். அதை முனியம்மா அக்காவிடம் அப்படியே சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவன் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பல்செட் கிடந்த அந்த டம்ளரையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

"தம்பி, கிளம்பு," என்றாள். இதற்கு அவள் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவனுக்கும் புரிந்தது. மறுநாள் காலை பெங்களூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். வழியனுப்ப ஒரு கூட்டம் போயிருந்தது. எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதானாம்.

ஏழுமலை அண்ணாவின் கை கட்டுப் பிரித்த பிறகும் மார்புக்கு மேலே எழும்பவில்லை. ஒரு கையால் பால் கறக்க முடியாது. முனியம்மா அக்கா கறக்கக் கற்றுக்கொண்டாள். அவர் இடது கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்து பால் ஊற்றினார். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் அவர் யாரையும் கேலி செய்து நான் பார்க்கவில்லை. அந்த வெள்ளைக்காரர்கள் இருக்கும்போது வாசலோடு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஐந்தாறு வருஷம் போயிருக்கும். எனக்குத் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. ஊரில் ஆட்டோ வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து ஒரு அம்மாள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தலை நரைத்தவள், அடக்கமான பேச்சு. கையில் ஒரு பை நிறைய பழம். பால்காரரைப் பார்க்கவேண்டும் என்றாள்.

எந்தப் பால்காரரை என்றேன். அவள் சொன்னாள். அவன் ஊரில் அவன் இப்போது பெரிய ஆளாம். மண்டபம் மண்டபமாகப் போய்ப் பேசுகிறானாம். பனியில் ஆடியதையும், முதல் பையனையும், பிறகு இந்த மலையடிவாரத்தில் தன் அஜாக்கிரதையால் ஒரு ஏழைப் பால்காரரின் தோளை முறித்ததையும் சொல்வானாம். ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில் அந்தப் பால்காரர் கட்டுப் போட்ட உடம்போடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, இவன் தலையில் கை வைத்து மன்னித்து அனுப்பினார் என்று முடிப்பானாம். கேட்கிறவர்கள் எல்லோரும் அழுவார்களாம்.

அன்றைக்கு ஏழுமலை அண்ணா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள், என் மகன் விபத்தில் போய்விட்டான், அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் நான் திரும்ப எழுந்து நடமாடினேன், அந்தப் பால்காரர் காலைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும் என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஏரிக்கரையில் முனியம்மா அக்கா மாட்டடியில் உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தாள். ஏழுமலை அண்ணா கன்றுக்குட்டியை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் குனிந்து காலைத் தொடப் போனாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

"இன்னா பாப்பா இது? யாரு இவங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேனா?"

"அப்படித்தான் சொல்றானாம்."

"தலைல கைய வெச்சு ஆசீர்வாதம் பண்ணேனா? எந்தக் கைய?"

முனியம்மா அக்கா கறப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த அம்மாள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். அவரை மன்னிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டுச் சொல் என்றாள். நான் கேட்டேன்.

"மன்னிக்கலன்னு சொல்லு."

நான் அதைச் சொல்லாமல் அவர் பக்கமே திரும்பினேன். "அண்ணா, அவங்க பையன் செத்துட்டானாம். இவன் பேச்சக் கேட்டுத்தான் தேறினாங்களாம்," என்றேன்.

அவர் கன்றை மரத்தில் கட்டினார். ஒரு கையால் கட்டுவதால் நேரம் ஆனது. கட்டிவிட்டுத் திரும்பினார்.

"பையன் போனது பெரிய துக்கம். அதுக்கு நான் வருத்தப்படறேன்னு சொல்லு. அதத் தனியா சொல்லு. இது வேற. அவர நான் மன்னிக்கல, அவரும் கேக்கல. ரெண்டையும் கலக்காத."

தனித்தனியாகச் சொன்னேன். முதலில் மகனைப் பற்றி. அந்த அம்மாள் கைகூப்பினாள். பிறகு மற்றதை. பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கு அவன் வரவில்லை, கால் வழுக்கவில்லை என்று சொன்னேன். அவள் பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே, சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்துவிட்டாள். முனியம்மா அக்கா மறுபடி கறக்க ஆரம்பித்தாள்.

பிறகு அந்த அம்மாள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் ஏழுமலை அண்ணா.

"எந்தத் தோள்னு கேக்கறாங்க. இன்னும் வலிக்குதான்னு கேக்கறாங்க."

அவர் துண்டை விலக்கிக் காட்டினார்.

"மழைக்காலத்துல கொஞ்சம் ஜாஸ்தி," என்றார். "இப்ப பரவால்லன்னு சொல்லு."